முதுகில் பூசிய மஞ்சள்

என் பிரியமான அக்கா,

நீ வெளியூர் போய் எட்டு மாதமாகிறது. அடி அண்ணாமலையில் நம் குதிரையேற்றப் பயிற்சியை இப்போது நான்தான் நடத்துகிறேன். நன்றாக நடக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

மூன்று மாதமாக ஒரு ஜவுளிக்கடைக்காரர் வருகிறார். உன் குதிரை சிட்டுமேல்தான் கற்றுக்கொள்கிறார். ஏறுவதற்கு முன் அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஏறிய மறுநொடி விலாவில் குதிகாலால் இடிப்பார். நீ இருந்திருந்தால் முதல் நாளே இறக்கி விட்டிருப்பாய். நான், "மெதுவா சார்" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

நேற்று பௌர்ணமி. காலையில் சேணம் வைக்கும்போது சிட்டு முதுகை நெளித்தது. பார்த்தேன் அக்கா, பார்க்காமல் இல்லை. சேணத்துக்கு அடியில் போட்ட விரிப்பை எடுத்து, முதுகைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். அவர் வீட்டு ஆட்கள் போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டேன்.

கிரிவலப் பாதையின் தார் ரோட்டில் சுற்றிவிட்டு, நல்ல வெயிலில் திரும்பினார். சேணத்தை எடுத்தால் முதுகெல்லாம் மஞ்சள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

"என்னா சார் இது?"

"வழியில லேசா தோல் வழண்டுடுச்சு மேடம். எறங்கி மஞ்ச தடவி, பொட்டு வெச்சு, ஒரு கும்புடு போட்டுட்டுதான் ஏறனேன். சாமி மாதிரி பாத்துக்கறேன். நீங்கதான் ஜாஸ்தி பயப்படறீங்க."

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உள்ளங்கை அகலத்துக்குச் சதை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் அதன்மேலேயே சேணத்தை வைத்து ஏறி வந்திருக்கிறார். பக்தியாம். த்தூ!

புண் ஆறி முடி முளைக்கும்வரை சேணமே கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று காலை அந்த மனிதர் வந்து, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் வேறு குதிரை கேட்கிறார்!

"குதிரையெல்லாம் அப்பறம். மொதல்ல இந்தப் புண்ணக் கழுவுங்க சார்" என்று சிட்டுவிடம் கூட்டிப்போய்ப் பஞ்சைக் கையில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கழுவினார். பஞ்சு பட்டதும் சிட்டுவின் தோல் வெடவெடத்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"மேடம், இதுக்கு இவ்ளோ வலிக்குமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை அக்கா, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். மூன்று மாதம் உட்காரவும் திருப்பவும் ஓட்டவும் கற்றுக்கொடுத்த நான், அதற்கு வலிக்கும் என்பதை எப்போது சொல்லிக்கொடுத்தேன்? அவர்மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் என்மேல் திரும்பிவிட்டது. உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனிமேல் புதிதாக யார் வந்தாலும் முதலில் சிட்டுவிடம்தான் அழைத்துப்போவேன். ஆறிய தழும்பின்மேல் அவர்கள் கையை வைக்கச் சொல்வேன். யார் செய்தது என்று கேட்பார்கள். ஜவுளிக்கடைக்காரர் பெயரைச் சொல்லமாட்டேன். என் பெயரைச் சொல்வேன்.

தலைகுனிந்து நிற்கும்
உன் தங்கை,
வசந்தி