போய்ச் சேர்ந்துச்சா?

இன்று காலை லேபில் சவ்வுப் பொட்டலத்தைத் தேடி இழுப்பறையைக் குடைந்தபோது உன் முடிச்சு ஒன்று கையில் அகப்பட்டது. காய்ந்து மொடமொடவென்று கிடந்த சவ்வுப் பை, வாயில் உன் பழைய மூட்டைக் கட்டு. உள்ளே மருந்தின் சிவப்பு லேசாக இன்னும் ஒட்டியிருந்தது. உங்கள் வயலில் விளைகிற மல்லாட்டை மூட்டைக்குப் போடுகிற முடிச்சை விரல் நீளப் பைக்குப் போடுகிறவள் இந்தக் கல்லூரியிலேயே நீ ஒருத்திதான். உன் அண்ணன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் இது வேறு.

நம் வேலையை வெளியாருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். நீ பஸ்ஸை வைத்தே சொல்லி முடித்துவிடுவாய். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைதான் பஸ், அதற்குள் மருந்தை ஏற்றி அனுப்புகிறோம். புற்றுநோய்க் கட்டி இருக்கிற இடத்தில்தான் மருந்து இறங்க வேண்டும், வழியில் இறங்கினால் ஃபெயில். அதைத்தான் சோதிப்போம். உருண்டைகளைச் சவ்வுப் பையில் கட்டி, உடம்புச் சூட்டில் சுழலும் தண்ணீரில் தொங்கவிட்டுக் காத்திருப்போம். வெளித் தண்ணீர் சீக்கிரம் சிவந்தால் மருந்து பாதியிலேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பௌர்ணமி அன்று நீ வரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பாய். அப்படி ஒரு நாள்தான், நீ உன் மேசைக்குப் போவதற்குள் நான் மருந்தைப் பற்றிக் கேட்டேன், போய்ச் சேர்ந்துச்சா என்று. "நானே இன்னும் போய்ச் சேரலடி, அதுக்குள்ள மருந்தைக் கேக்குற" என்றாய். அன்றிலிருந்து நமக்குள் வேறு வார்த்தையே கிடையாது. செல் வளர்க்கும் தட்டில் விட்டாலும் அதே கேள்வி, எலிக்கு ஏற்றினாலும் அதே கேள்வி.

தண்ணீர் சிவக்காமல் நின்றால் நான் துள்ளுவேன். நீ மட்டும் உதட்டைப் பிதுக்குவாய். "பீக்கருக்கு ஈரல் இல்லடி" என்பாய். உடம்புக்குள் ஈரல் என்று ஒன்று இருக்கிறது, வருகிற உருண்டைகளில் பாதியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் என் சந்தோஷத்தைக் கெடுக்கவே வந்தவள் என்றுதான் உன்மேல் கோபம் வரும்.

பிறகு உனக்கே கட்டி என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் அதே ரகத்து மருந்தை ஏற்றினார்கள். நாம் செய்தது இல்லை, கடையில் வாங்கியது. ஆனால் அதே சிவப்பு. குழாயில் அது இறங்குவதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகு தினமும் அண்ணனுக்குப் போன் போட்டு, மருந்து போய்ச் சேர்ந்துச்சாண்ணா என்று கேட்பேன். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம் என்பார்.

ஒரு நாள் காலை அவரே கூப்பிட்டார். "போய்ச் சேர்ந்துடுச்சும்மா" என்றார்.

"அப்பாடா. நல்லதுண்ணா" என்றேன்.

மெல்ல, "பாப்பாவைச் சொன்னேம்மா" என்றார்.

அவர் உன்னை எப்போதும் அது வந்துச்சு, சாப்பிட்டுச்சு என்றுதான் சொல்வார். வீட்டுப் பெண்ணைப் பாசத்தில் அப்படிச் சொல்வது நம் பக்கத்து வழக்கம், எனக்குத் தெரியாததா? ஆனாலும் என் காதில் விழுந்தது மருந்துதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருந்து கட்டியை எட்டியும் தோற்றதா, ஈரலிலேயே தங்கிவிட்டதா? ஸ்கேன் எடுக்கும்வரை நீ இருக்கவில்லை. எடுத்திருந்தாலும் கட்டியின் அளவு தெரிந்திருக்கும், மருந்து போன பாதை தெரிந்திருக்காது. இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு உன் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நினைத்தால் வருவது அழுகையா எரிச்சலா என்றுகூடத் தெரியவில்லை.

மத்தியானம் அண்ணன் இங்கேயே வந்தார். வருஷ திதிக்கு அழைக்க வந்தவர் மழையையும் மல்லாட்டை விலையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்த மருந்து பாப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சா? ஏத்தச் சொல்லி கையெழுத்து போட்டவன் நான். அவ்ளோ வாந்தி எடுத்துச்சே, சும்மாவே கஷ்டப்படுத்திட்டேனோன்னு மனசு அடிச்சுக்குது. நீ டெஸ்ட் பண்றவ, நீ சொன்னா சரி."

தெரியாது என்பதுதான் உண்மை. ஈரலைப் பற்றிச் சொல்லக்கூட வாயெடுத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேர்ந்துடுச்சுண்ணா" என்றேன்.

"அப்பாடா" என்றார்.

மருந்தைச் சொன்னேனா, உன்னைச் சொன்னேனா என்று அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

புதுப் பை ஒன்றைக் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் முடிச்சுதான் போட்டிருக்கிறேன். கடைசிச் சுற்றில் எனக்கு இன்னும் குழம்பத்தான் செய்கிறது. சற்று முன் பக்கத்து மேசையிலிருந்து, போய்ச் சேர்ந்துச்சா என்று யாரோ கேட்டார்கள். எது என்று கேட்டேன்.