இரஞ்சிதம் தீர்ப்பைப் பற்றி வாய் திறக்காத மூவர்

அனுப்புநர்:
விமலாதேவி, தாதி,
வென்ற்வேர்த்வில், சிட்னி.

பெறுநர்:
திரு. சடகோபன் அவர்கள்,
தலைவர், தமிழ்க் குடும்ப ஒன்றியம்,
பரமட்டா.

பொருள்: இணக்கசபைக்குத் தெரிவானவர்கள் பழைய தீர்ப்பொன்றைப் பற்றிப் பதில் சொல்ல மறுத்தமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒன்றியத்துக் குடும்பங்களின் பிணக்குகளை விசாரிக்கும் இணக்கசபைக்குச் சென்ற ஞாயிறு மூவர் தெரிவானார்கள். வாக்கெடுப்புக்கு முன் அங்கத்தவர்கள் அவர்களிடம் கேள்வி கேட்பது நம் வழக்கம். கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது என்று கூட்ட அறிக்கையில் எழுதுவீர்களானால் அது பொய்.

2. அங்கத்துவம் குடும்பத் தலைவரின் பெயரில் மட்டுமே உண்டு, அவர் பிரிந்து போனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை என்று 1976இல் இரஞ்சிதம் என்பவரின் முறைப்பாட்டில் பழைய சபை தீர்ப்பளித்தது. அதன்பின் இரஞ்சிதம் நம் பக்கம் வரவேயில்லை. கடந்த ஓகஸ்டில் என் கணவர் எங்களை விட்டுவிட்டு மெல்பேணுக்குப் போனார். இரண்டு கிழமைக்குள் என் ஒன்பது வயது மகள் கமலினியின் பெயர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது. போனவர் இன்றும் அங்கத்தவர். நான் கொடுத்த முறைப்பாட்டின் விசாரணை அறிவித்தலைக்கூட உங்கள் செயலாளர் மெல்பேணுக்கு, அவர் பெயருக்கே அனுப்பியிருக்கிறார்.

3. எனக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையாதலால் என் சிநேகிதி சிவனேஸ்வரி கேட்டார். என் முறைப்பாட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரஞ்சிதம் தீர்ப்பு சரியா, பிழையா என்று மட்டுமே கேட்டார். யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசியாக இருந்து ஓய்வுபெற்ற திரு. அரியரத்தினம் எழுந்து, "தங்கச்சி, நாளைக்கு எங்களுக்கு முன்னால வரப்போற விசயம். இப்ப நான் வாய் திறந்தால் அது முறையில்லை" என்றார். மற்ற இருவரும் அவர் சொன்னதே தங்கள் பதிலும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சபையோர் கைதட்டினார்கள்.

4. முறை என்றால் எல்லாவற்றுக்கும் முறை இருக்க வேண்டும். மண்டபத்துக்கு இறைச்சி, மீன் என்று மச்சச் சாப்பாடு கொண்டுவரலாமா என்பது இரண்டு முறை சபைக்கு வந்த பிணக்கு, இனியும் வரும். அதைப் பற்றி மூவரும் இருபது நிமிடம் மாறி மாறிப் பேசினார்கள். ஆட்டிறைச்சிக்குத் திறந்த வாய் ஒரு பிள்ளையின் படிப்பென்றதும் மூடிக்கொண்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது, ஐயா. இதைவிட மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

5. என் தவற்றையும் மறைக்க மாட்டேன். கடந்த ஜூனில், கணவர் வழியில் எனக்கும் அங்கத்துவம் இருந்தபோது, திரு. அரியரத்தினத்தின் பெயரை எழுத்தில் முன்மொழிந்தவள் நான்தான். ஏனெனில் மூன்று வருடமாக, போன வீட்டிலெல்லாம், என் வீட்டுக் குசினிக் கதிரையிலும் இருந்துகொண்டு, அந்தத் தீர்ப்பு வெட்கக்கேடு என்று சொன்னவர் அவர். நானே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், நம்பினேன். சபையில் கதிரை இல்லாதபோது இருந்த அபிப்பிராயம், கதிரை கிடைக்கப்போகிறது என்றதும் எங்கே போனது? அவருக்கு அபிப்பிராயம் இல்லை என்று யாரும் நம்பவில்லை, கைதட்டியவர்கள் உட்பட.

6. ஆகவே, நவம்பர் 18ஆம் திகதி விசாரணைக்கு முன் ஒரு விசேட கூட்டம் கூட்டி, அந்தக் கேள்விக்கு மூவரிடமும் பதில் பெற்றுத்தர வேண்டுகிறேன். பிழையான தீர்ப்பு என்றாலும் சரி, சரியான தீர்ப்பு என்றாலும் சரி. எதிரே நிற்பது யார் என்று தெரிந்துகொண்டு நான் பேச வேண்டும்.

அதுவும் முறையில்லை என்றால் ஒரு சிறிய உதவி மட்டும் செய்யுங்கள். விசாரணை எப்படி முடிந்தாலும் 24ஆம் திகதி சனிக்கிழமை காலை கமலினியை வகுப்புக்குக் கூட்டிவருவேன். அவளைத் திருப்பி அனுப்புவதானால் அந்த மூவரையும் வாசலுக்கு அனுப்பி வையுங்கள். ஏன் என்று அவள் கேட்பாள். எனக்குச் சொல்லத் தெரியாது.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
விமலாதேவி
(கையொப்பம்)

இடம்: வென்ற்வேர்த்வில்
திகதி: 1-11-1979