தாழ்ந்த வாசலுக்கு வெளியே நீ நின்ற நாள்

மொன்றியலை அடுத்த லவாலில், தமிழ்க் கடையில் இன்று பச்சை மஞ்சள் வந்திருந்தது. வாங்கிவந்து அரைத்தேன். அந்த ஈரமண் வாசம் சமையலறை முழுக்கப் பரவியது. அம்மாவின் நினைவுதான் எனக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ நீ. கழுத்திலும் தோளிலும் மஞ்சள் பூசிக்கொண்டு, கடற்கரை மணலில் சிரித்தபடி நின்ற நீ. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

மாணவிகளாக இருந்த காலத்தில், மொன்றியலுக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாய வளாகத்தில் நான் ஈரப்பலா மரத்தைப் படித்தேன், நீ மண்ணைப் படித்தாய். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். அங்கே தமிழ் கதைக்க எனக்கு நீ, உனக்கு நான். டிகோப்பியாவைப் பற்றி முதலில் சொன்னதும் நீதான். பசிபிக் கடலில், சொலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் தனித்துக் கிடக்கும் சின்னத் தீவு. விமானம் இறங்க இடமில்லை. ஒரு மலை, ஒரு ஏரி, கரையோரமாகச் சில கிராமங்கள், நான்கு தலைவர்கள். அவ்வளவு சிறிய மண் எப்படித் தலைமுறை தலைமுறையாக அத்தனை பேருக்கும் சோறு போடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாய்.

"வாடி, போய்ப் பாப்பம். கட்டுரை வராட்டிலும் நல்ல ஈரப்பலாக்காயாவது தின்னலாம்" என்றாய்.

சரக்குக் கப்பலில் போனோம். வழியெல்லாம் நீ சத்தி எடுத்தாய். "மீன்பிடிக்காரற்ரை பிள்ளை எண்டு வெளியில சொல்லிப்போடாதை" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும்.

கப்பல் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. சொலமன் தலைநகரில் படித்துவிட்டு வந்த, நான்கு தலைவர்களில் ஒருவரின் மகள் எங்களை நேரே தகப்பனிடம் கூட்டிப்போனாள். அவர் சொன்னால்தான் எந்தத் தோட்டத்திலும் கால் வைக்கலாம். ஓலைக்கூரை நிலத்தைத் தொடுமளவுக்கு இறங்கியிருந்த வீடு. வாசல் முழங்கால் உயரம். தவழ்ந்து உள்ளே போய், தலைவரின் முழங்காலில் மூக்கை அழுத்த வேண்டும், அவர் முகத்தை நிமிர்த்திவிடுவார், அதுதான் இங்கே வணக்கம் என்று அவள் விளக்கினாள்.

நான் தவழ்ந்துவிட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் நீ வெளியே விறைத்துப்போய் நிற்கிறாய்.

"வாடி."

"நான் வரமாட்டன். மாதாவுக்கு முன்னால தவிர வேறை ஒருத்தருக்கு முன்னாலயும் முழங்காலில நிக்கமாட்டன்."

அந்தக் குரலை அதுவரை உன்னிடம் நான் கேட்டதில்லை. மகள் தகப்பனிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் வெற்றிலை சப்பிக்கொண்டிருந்தார், நரைத்த தலை, பெரிய உடம்பு. கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ திரும்பி, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, அதே வாசலால் தவழ்ந்து வெளியே போனார். உனக்கு முன்னால் எழும்பி நின்று முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்:

"இந்த வீட்டுக்குள் நிமிர்ந்து போக அவருக்கும் வழியில்லையாம். வெற்றிலை வெளியிலும் போடலாமாம்."

ஈரப்பலா நிழலில் பாய் விரித்தார்கள். அவருக்கு எதிரே நீ சம்மணம் கட்டி இருந்து, அவர் நீட்டிய வெற்றிலையை வாங்கினாய்.

அடுத்த நாள் ஏரிக்கரையில் மண் கிண்டிக்கொண்டிருக்கையில் தானாகவே சொன்னாய். பதின்மூன்று வயதில், ஊரில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில், வெயிலில், அப்பாவுக்குப் பக்கத்தில் உன்னையும் முழங்காலில் நிறுத்தினார்கள். "அப்பா என்ரை முகத்தைப் பாக்கேல்லையடி. அண்டைக்குப் பிறகும் கனநாள் பாக்கேல்லை." மண்வெட்டியை வாங்கி நான் கிண்டினேன்.

அன்று திரும்பிவந்ததும், ஒருவரும் கேட்காமலே, நீ அந்த வாசலால் தவழ்ந்து உள்ளே போனாய். அவர் உன் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, மூக்கோடு மூக்கை வைத்தார். நிறையநேரம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்கள்தான் பிறகு உனக்கு மஞ்சள் பூசினார்கள்.

கப்பல் வந்த அன்று அவர்கள் எங்களைக் கட்டிப்பிடித்து, செத்தவீடு போல ஒப்பாரி வைத்தார்கள். நான் பயந்துபோனேன். மகள் சொன்னாள்: "கடலால் போகிறவர்கள் திரும்பி வருவார்களோ தெரியாது. அதனால் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கும்போதே அழுதுவிடுவோம்."

பிறகு மொன்றியலில் இருவருக்கும் வேலை, கல்யாணம், பிள்ளைகள். நோய் முற்றி நீ கிடந்த டவுன்டவுன் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு வானிலையைப் பற்றிக் கதைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எடி, அழுறதெண்டால் இப்ப அழு. பேந்து அழுதால் எனக்குக் கேக்காது."

அழுதேன். உன் பெயரைச் சொல்லி, கப்பலைச் சொல்லி, உன் சமையலைத் திட்டி, நீ இல்லாவிட்டால் இந்தக் குளிருக்குள் நான் பைத்தியமாகியிருப்பேன் என்று சொல்லி, சத்தமாக அழுதேன். தாதி ஓடிவந்து, "சா வா, மடாம்?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள். "ஓம் ஓம், என்னை வழியனுப்புறா" என்று நீ தமிழிலேயே சொன்னாய். அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

உன் செத்தவீட்டில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. "இவ்வளவு பழகினவ, ஒரு சொட்டு விடேல்லையே" என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். உனக்குச் சொல்லாமல் விட்ட சொல் ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன கிழமை என் மகள் வேலைக்காக வன்கூவர் போனாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதேன். "அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்று பிரெஞ்சில் கெஞ்சினாள். "பாக்கட்டும்" என்றேன். பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு அவளும் அழத் தொடங்கினாள்.