ஜப்பான் காரும் உளுந்துச் செடியும்

பங்குனி 18, செவ்வாய்



என் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரத்தநாடு சாலையில் ஓட்டிக் காட்டினேன். ஓரிடத்தில் ஒரு அம்மா சாலை முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்.

"ஏத்திட்டே போங்க தம்பி. சக்கரம் ஏறுனாத்தான் உளுந்து உதிரும்."

எல்லா வண்டியும் ஏறுவதுதான். ஆனால் அழகுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்தி வைத்தவன் நான். காய்ந்த செடி அடியில் சிக்கி, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. உளுந்து வறுபடும் வாசனை வந்தபோதுதான் தெரிந்தது. வழக்கம்போலச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். வாங்க வந்தவரும் குதித்துவிட்டார். பத்தே நிமிடத்தில் வெறும் கூடு.

"உசுரு தப்பிச்சுதே, விடுங்க" என்று வாங்க வந்தவர்தான் என்னைத் தேற்றினார்.

காரை விற்க இணையத்தில் போட்ட விளம்பரத்தை எடுக்க மறந்திருக்கிறேன். இப்போது யாரோ போனில் கேட்கிறார்: "அண்ணே, வண்டி இருக்கா?"

சாவி இருக்கிறது.