ஒரு கேள்வி மட்டும் பாக்கி

ஏனுங்க, ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். உங்களுக்கு இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கு.

பத்து மணிக்குப் பூனை மீட்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து சுமதி வருவாங்க. நாம தற்காலிகமா வெச்சிருக்கிற ஒற்றைக்கண் பூனையைச் சேலத்தில் ஒரு குடும்பம் தத்தெடுக்குது. பூனைக்குச் சோறு வைக்காதீங்க. மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுத்துடும்.

"இந்த ஊட்டுல பூனையா, நானா?"ன்னு கத்தினீங்க. சரி, அனுப்பறேன். முன்னாடி, நாமளே அதைத் தத்தெடுக்கலாம்னு படிவம் நிரப்பிப் பார்த்தேன். 'வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா?' என்ற கேள்வியில் நின்னுட்டேன்.

மெர்சி

பி.கு.: பூனைக் கூடையை எடுக்கப் போனால், உள்ளே உங்க ஸ்வெட்டர் விரிச்சிருக்கு. நான் விரிக்கலை.

படிவத்தை உங்க போனுக்கு அனுப்பிட்டேன். அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் போடுங்க. சம்மதம்னா, பூனைக்குச் சோறு வையுங்க.