குறுவையின் வலது கை

அக்கா,

நேற்று மத்தியானம் லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் திறந்தேன். படம் வருவதற்கு முன்னாலேயே அலைச் சத்தம் வந்தது, பின்னாலேயே அந்தப் புல்லாங்குழல். அடுப்பில் பால் வைத்திருந்தது மறந்தே போயிற்று. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தேன்.

அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே பழைய ஆட்டத்தை மறுபடியும் திறந்துவிட்டிருக்கிறார்கள். எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே மீன்பிடித் துறை, சேற்றில் ஊரும் அதே நத்தைகள். உங்களுடைய முதல் வருஷத் திதி போன மாதம்தான் முடிந்தது.

ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று திருக்காட்டுப்பள்ளியில் பாதி ஜனம் காத்திருந்தது. நாம் என்னடாவென்றால் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். சிங்கப்பூரிலிருந்த நம் வீட்டுக்காரர்களோடு முகம் பார்த்துப் பேசத்தான் அதை வாங்கியது. உங்கள் வீட்டுக்காரர்தான் விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தார், அங்கிருந்து தானும் சேர்ந்து ஆடுவதாக. ஒரு வாரத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. நமக்கு அலுக்கவில்லை.

ஆட்டத்தில் வரும் பெண்ணுக்குப் பெயர் வைக்கச் சொன்னது. எதை அடித்தாலும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றது. கொல்லையில் அத்தை யாரையோ, "குறுவைக்கு நாத்து விட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே அதையே அடித்தீர்கள். உலகத்தில் ஒருவரும் அந்தப் பெயரை எடுத்திருக்கவில்லை.

யார் ஆடுவது என்று சண்டை வரக்கூடாது என்று வழி கண்டுபிடித்ததும் நீங்கள்தான். இடது பக்கம் உட்கார்ந்து நீங்கள் கீபோர்டில் குறுவையை நடத்துவீர்கள். வலது பக்கம் உட்கார்ந்து நான் மவுஸால் அடிப்பேன். அவளை ஒரு பூதத்தின் எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "ம், போடுடி!" என்பீர்கள். நான் போடுவேன். பூதம் சாகப்போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். நாம் வைத வசவைக் கேட்டு அத்தை தூக்கம் கலைந்து, "யாரடி அங்க சண்ட?" என்று கேட்டது எத்தனை தடவை!

பிறகு உங்கள் வீட்டுக்காரருக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. என் வீட்டுக்காரருடைய பர்மிட்டில் அது முடியாது. நீங்கள் போனீர்கள், குறுவையும் உங்களோடு போனாள்.

"நீயும் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கயேண்டி" என்றீர்கள் போனில். எப்படி ஆரம்பிப்பது? எனக்கு அடிக்கத்தானே தெரியும்.

அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் கீதா, கீதா, கீதாதான். ஆட்டத்தில் பழக்கமானவள், மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறாள், கீதா இல்லாவிட்டால் அந்தக் கோட்டையைப் பிடித்திருக்கவே முடியாது, கீதா உங்களைக் 'குரு' என்றுதான் கூப்பிடுகிறாள். குறுவை என்பது வாயில் நுழையவில்லையாம். மாவு அரைத்த கையோடு போனைப் பிடித்துக்கொண்டு ம் கொட்டுவேன். வைத்ததும் அந்தப் பெண்ணை மனதுக்குள் நன்றாக வைவேன். அவள் கும்பிடுகிற குருவில் பாதி நானில்லையா?

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். எங்களுக்கு வந்து சேர்ந்தது அஸ்திதான். காவிரியில் கரைக்கும்போதுகூட எனக்கு அந்த நினைப்பு போகவில்லை, அக்கா. கடைசியாக உங்களைத் தொட்டவள் அவள்.

போன வாரம் அவள் போன் செய்தாள். உங்கள் வீட்டுக்காரர்தான் நம்பர் கொடுத்திருக்கிறார்.

"நீங்கதான் குருவோட தங்கச்சியா?"

"ஓரகத்தி" என்றேன்.

"தங்கச்சின்னுதான் அவங்க சொல்வாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். எதுத்தாப்புல எவ்ளோ பெரிய பூதம் நின்னாலும் குரு ஒடனே அடிக்க மாட்டாங்க. ஒரு செகண்ட் அப்படியே நிப்பாங்க. அப்புறம்தான் அடி விழும். ஏன்னு கேட்டா சிரிப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு நாங்க அதத்தான் சொல்லிக் குடுக்கறோம். ஆரம்பத்துலேருந்தே அப்படித்தானா?"

அத்தனை வருஷம், அத்தனை பேர் கூட இருந்தும், பூதத்துக்கு எதிரே நின்று நீங்கள் என் கைக்காகக் காத்திருந்தீர்களா?

"தெரியலையேம்மா" என்றேன்.

பொய்தான். சொல்ல மனசு வரவில்லை. உங்கள் பெரிய வெற்றிகள், கடைசி நாட்கள், எல்லாம் அவளிடம் இருக்கிறது. இது ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

வைக்கும் முன்னால் அவள் சொன்னாள்: "உங்க மேல எனக்குப் பொறாமையா இருக்குக்கா. குரு ஒண்ணுமே தெரியாம நத்தைகிட்ட அடி வாங்குன காலத்த நீங்க பாத்திருக்கீங்க."

அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைப்பானேன்? அன்று ராத்திரி இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

மறுபடி திறந்த ஆட்டத்தில் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று குறுவை என்ற பெயரை அவள் முதலிலேயே பதிந்து வைத்திருந்தாள். அதை எனக்கே கொடுத்துவிட்டாள். நேற்று துறையில் எனக்காக நின்றாள். நான் நடக்கத் தெரியாமல் படகில் முட்டினேன், தண்ணீரில் விழுந்தேன். "என் பின்னாலயே வர்ற மாதிரி வச்சுக்கோங்கக்கா. நான் நடக்கறேன், நீங்க அடிச்சா போதும்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் அவளை உட்கார வைக்க என்னால் முடியாது.

இன்றைக்கும் சமையல் முடிந்ததும் உட்கார்ந்தேன். கீதா காத்திருந்தாள். இடது கை விரல்கள் விறைத்துப்போயின. ஆனாலும் துறையைத் தாண்டிக் காட்டு வழி வரைக்கும் நானே நடந்து போய்விட்டேன், அக்கா.