நான் தொடாத பொடி

2025 மார்ச் 4
இன்றும் போதை மீட்பு மையத்தில் வகுப்பு. எழுபத்தொரு வயதில் ஆஜர் சொல்கிறேன். ஆரியசாலைச் சந்தையில் அரிசி மூட்டை தூக்கிய காலத்தில், முதுகுவலிக்கென்று பிடித்த கஞ்சா பீடி. நாற்பது வருடம் யாரும் கேட்கவில்லை. போன ஜூனில் சின்னப் பொட்டலத்தோடு எக்சைஸ்காரர்கள் பிடித்தார்கள். ஒரு வருடம் சிகிச்சை முடித்தால் கேஸ் இல்லை, சொதப்பினால் கேஸ் திரும்ப வரும் என்றது கோர்ட். ஜெயிலா வகுப்பா? வகுப்பில் ஃபேன் இருக்கிறது.

மார்ச் 11
பக்கத்து நாற்காலி வினீத். தம்பானூர் ஆட்டோக்காரன், நாற்பது வயது, போதைப்பொடி கேஸ். மூத்திரச் சோதனையில் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியவன். இன்னொரு தடவை மாட்டினால் ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போகும். இப்போது மூன்று மாதமாகச் சுத்தமாம். ‘சாமியார்’ என்று பெயர் வைத்தேன். எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதில்தான் எனக்குக் கோபம்.

மார்ச் 16
ஒன்றே ஒன்று இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே.

மார்ச் 18
இன்று எனக்குச் சோதனை. அவனுக்கு அடுத்த வாரம்தான். கிழவன் என்று என் பின்னால் யாரும் காவலுக்கு வருவதில்லை. கக்கூஸ் வாசலில் டப்பாவை நீட்டினேன்: “சாமியாரே, உம்ம தீர்த்தம் கொஞ்சம் தாரும்.” அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் பிடித்துத் தந்தான்.

மார்ச் 20
கவுன்சிலர் ஷெமி மேடம் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பூப்பா, கஞ்சா இல்ல. பொடி இருக்கு. எப்ப தொடங்கினீங்க?”
சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. அடப்பாவி சாமியார்! உண்மையைச் சொன்னால் அவனுக்கு இது இரண்டாம் தடவை — நேரே கோர்ட்டு. எனக்கு முதல் தடவை. சிகிச்சை மூன்று மாதம் கூடும், அவ்வளவுதான்.
“பொங்கலுக்கு” என்றேன்.
“எப்படி எடுத்தீங்க?”
“பால் விடாத கட்டஞ்சாயாவுல கலக்கி.”
எழுதிக்கொண்டாள். மகள் சிஜிக்கும் போன் போட்டு, சாயா வரைக்கும் சொல்லிவிட்டாள். வீட்டில் சிஜி சோற்றை வைத்துவிட்டு, “கஞ்சான்னா சகிச்சேன். பொடியாப்பா?” என்றாள்.

மார்ச் 21
வினீத் வந்தான். “ஏன்டா தந்தே? அழுக்குன்னு சொல்லக்கூடாதா?” என்றேன்.
“எல்லாரும் சாமியார் சாமியார்னு கூப்பிடறப்ப எப்படி அண்ணாச்சி பறயறது?”
பெயர் வைத்தது யாரு? நான்தானே. மேடத்திடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாக அழுதான். வேண்டாம், 28-ந் தேதி உன் சோதனை, அதுவரைக்கும் என் கண் முன்னாடியே இரு என்றேன்.

மார்ச் 25
நாலு நாளாக அவன் ஆட்டோவில் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பனுக்கு உடம்பு சரியில்லையா என்று சவாரி வருகிறவர்கள் கேட்கிறார்கள். மகனுக்குத்தான் என்கிறேன்.

மார்ச் 28
சுத்தம். மூத்திரமும் அவனுடையதே.

செப்டம்பர் 23
எனக்கும் கேஸ் முடிந்தது. வினீத்துக்குப் போன மாதமே முடிந்தது. ஒரு தடவைகூட அப்புறம் மாட்டவில்லை. என் பீடியும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி; அவனைக் காவல் காத்ததில் மறந்தே போச்சு. மையத்தில் இன்று கூட்டம். “இந்த வயசுல ரெண்டு போதையையும் விட்ட நேசமணி” என்று ஷெமி மேடம் பொன்னாடை போட்டாள். ரெண்டாவதை விட்டது ரொம்ப சுலபம் என்றேன். கடைசி வரிசையில் சாமியார் தலை குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சிஜி கட்டஞ்சாயா தந்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.